அரசு மருத்துவமும் நமது பைத்துல்மாலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

 

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மருத்துவ உதவி கோரும் மனுக்களோடு சிலர் பள்ளிவாசல் முற்றத்தில் காத்து நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். லாரி ஓட்டுநருக்கு இதய அடைப்பு, வெள்ளிப் பட்டறைத் தொழிலாளிக்குச் சிறுநீரகக் கோளாறு, தறி ஓட்டும் சகோதரிக்குக் கர்ப்பப்பைக் கட்டி. இயன்றதைக் கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் அம்மனுக்களில் பல, அரசு செலவை ஏற்கும் சிகிச்சைகளுக்காக எழுதப்பட்டவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அறியாமையின் விலை கடன். கடன் மனிதனை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை நம் பகுதியே கண்டது. பள்ளிப்பாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடன் சுமையால் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2025 ஜூலையில் வெளிவந்து, அரசு விசாரணை நடத்தியது. வட்டியை விலக்கப்பட்டது என நம்பும் சமுதாயம், வட்டிக்குத் தள்ளும் காரணங்களையும் விலக்க வேண்டாமா?

அரசு மருத்துவமனை எவரும் இடும் தர்மமன்று. நாம் வாங்கும் சோப்பிலும் டீசலிலும் செலுத்தும் வரியே அங்கே மருந்தாகிறது. அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு பொதுச் சுகாதார மேம்பாட்டை அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. அதற்கும் முன்பே, 1939இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் வரிப்பணத்தில் அனைவருக்கும் மருத்துவம் வழங்கப்படுகிறது. நம் வரலாற்றிலும் இதற்கு முன்னோடி உண்டு. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டத் தொடங்கிய மருத்துவமனை, வக்ஃபு வருவாயில் ஏழை செல்வர் பேதமின்றி இலவசமாக நோயாளிகளைப் பேணியது.

இங்கே அமைப்பு படிப்படியானது. சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் என்பது விதி. அதற்கு மேல் வட்ட மருத்துவமனைகள், அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. நாமக்கல் மாவட்டத்திற்கு அக்குறை 2022இல் நீங்கியது. மருந்து கொள்முதலுக்கென 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக ஒப்பந்தப்புள்ளி கோருவதால் விலை குறைகிறது. ஒவ்வொரு தொகுதி மருந்தும் ஆய்வகச் சோதனைக்குப் பின்பே கிடங்கிலிருந்து வெளியேறுகிறது. இலவச மாத்திரை தரமற்றது என்னும் பேச்சை நாம் இனியேனும் விட்டுவிட வேண்டும்.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டம் 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மறக்கலாகாது. சிகிச்சைக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். செலவழித்த பணத்தைப் பின்னர் திரும்பக் கேட்க இயலாது. நம் மஹல்லாச் சகோதரர் ஒருவர், மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினார். வீட்டு அலமாரியில் கிடந்த அட்டை மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. கட்டியது கட்டியதுதான். அந்த நகையை மீட்க நம் பைத்துல்மால் கொடுத்தது. நாம் முதல் நாளே ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தத் தொகை ஒரு விதவைக்குப் போயிருக்கும்.

விபத்துக்கு வருமான வரம்பில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எம்மாநிலத்தவராயினும் திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறுவர். நெடுஞ்சாலையையே வாழ்வாகக் கொண்ட நம் ஓட்டுநர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். 108 வாகனம் 2008 முதல் ஓடுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியாக, தகுதியுள்ள ஏழைத் தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் தவணைகளில் கிடைக்கிறது. இதற்குக் கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே கிராமச் செவிலியரிடம் பதிவு செய்தல் அவசியம். சர்க்கரை, இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே கொண்டு வருகிறது.

குறைகள் இல்லையென நாம் கூறவில்லை. நெரிசல் உண்டு, காத்திருப்பு உண்டு, கடிந்து பேசுவோரும் உண்டு. ஆயினும் வசதியுள்ளோர் விலகி நின்றால் குறையைத் தட்டிக் கேட்க ஆளிராது. கேட்கத் தெரிந்தவர் உடன் சென்றாலே பாதிக் குறை தீரும்.

ஆகவே பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களைத் தெருவாரியாகக் கணக்கெடுத்து, ரமளானுக்கு முன் பதிவு செய்வித்தல். இரண்டாவது, படித்த இளைஞர் இருவரை மருத்துவத் துணைவராக நியமித்து, மனு வந்த அன்றே நோயாளியோடு அனுப்புதல். மூன்றாவது, அரசு தரும் சிகிச்சைக்கு ஸகாத் நிதியைச் செலவிடாது, அரசு தராதவற்றுக்குச் செலவிடுதல்: பேருந்துக் கட்டணம், உடனிருப்பவரின் உணவு, படுக்கையில் கிடக்கும் நாள்களின் கூலி இழப்பு. ஏழை வீடு உடைவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

நோய்க்கு மருத்துவம் தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். தேடும் வழியைக் காட்டுவது ஜமாஅத்தின் பொறுப்பு. வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.