ஓரத்தை விட்டு வையுங்கள்

(வானொலி மறையுரை. வாசகம்: லேவியர் 19:9-18)



லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நம் கண் பெரும்பாலும் 18-ஆம் வசனத்தில்தான் போய் நிற்கும். நம்மைப் போலவே அடுத்திருப்பவரையும் அன்பு செய்யச் சொல்லும் வசனம் அது. இயேசுவும் அதை எடுத்துச் சொன்னார். ஆனால் அதற்குச் சற்று முன்னால் இரண்டு சின்னக் கட்டளைகள் இருக்கின்றன. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுத்துவிடாதே, அது ஏழைக்கும் வழிப்போக்கனாய் வந்த அந்நியனுக்கும் உரியது என்பது ஒன்று. பார்வையற்றவர் நடக்கும் வழியில் தடை எதையும் வைக்காதே என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நம் கணியம்பாடிச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. நமக்கு அது கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி. வண்டியில் கடந்து போகிறவருக்கோ அடுத்த ஊர் எப்போது வரும் என்ற கணக்கு. பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், விடிய விடிய வண்டிகள். அதே சாலையில்தான் தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் போகும் நம் பெண்கள், கையில் சாப்பாட்டுப் பையோடு, கம்பெனி வண்டி நிற்கும் இடம்வரை அரை இருட்டில் நடக்கிறார்கள். பால் ஊற்றப் போகும் பெரியவர் சைக்கிளில் வருகிறார். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே போகிறார்கள்.

இவர்கள் ஒதுங்க ஓரம் எங்கே இருக்கிறது? ஓரிடத்தில் கடையின் சாய்தளம் தார்ச்சாலை வரைக்கும் நீண்டிருக்கிறது. அடுத்து விளம்பரப் பலகை. அதைத் தாண்டினால் யாரோ வீடு கட்ட இறக்கிய ஜல்லியும் மணலும். அப்புறம் வரிசையாக இருசக்கர வண்டிகள், பழுதாகி நிற்கும் லாரி, மூடி இல்லாத கால்வாய். ஒவ்வொன்றையும் சுற்றிப் போக, அந்த அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலைக்குள் இறங்குகிறார். ஐந்தாறு அடிதான். அந்த ஐந்தாறு அடியில்தான் பின்னால் பேருந்து வருகிறது.

ஓட்டுநர் மெதுவாக வந்திருக்கக் கூடாதா என்று கேட்போம். கேட்க வேண்டியதுதான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அந்த அம்மாவைச் சாலைக்குள் இறக்கியவர் ஓட்டுநர் அல்ல. வயலின் ஓரத்தை ஒட்ட அறுத்தது யார் என்ற கேள்வி ஊருக்குள்ளேயே இருக்கிறது. திருவிழாப் பந்தலையும் கொடிக்கம்பங்களையும், ஞாயிறு திருப்பலி நேரத்தில் கோவில் வாசலில் நிற்கும் வண்டிகளையும் நினைத்துப் பார்த்தால், அது கோவில் வாசலையும் விட்டுவைக்காத கேள்வி.

நல்ல சமாரியர் உவமையைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறோம். அடிபட்டவரைத் தூக்க இன்று யாரும் பயப்படத் தேவையில்லை. உதவி செய்தவரைப் பாதுகாக்க 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் இடம் இருக்கிறது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்புவரை அரசே ஏற்கிறது. ஆகவே தயங்காமல் தூக்குங்கள். ஆனால் லேவியர் நூல் கேட்பது அதற்கு முந்தைய வேலை. காயம் கட்டுவதற்கு முன்னால், காயமே படாதபடி வழியை விட்டு வைப்பது.

திருச்சபை இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சாலையில் மேய்ப்புப்பணி பற்றி 2007-இல் வத்திக்கான் ஒரு வழிகாட்டி ஏடு வெளியிட்டது. அதில் சாலைக்கென்றே பத்துக் கட்டளைகள் இருக்கின்றன. முதலாவது, கொலை செய்யாதே. ஒன்பதாவது, சாலையில் பலவீனமாக இருப்பவரைப் பாதுகாக்கச் சொல்கிறது. நடந்து போகிறவரையும் சைக்கிளில் போகிறவரையும் விடப் பலவீனமானவர் சாலையில் யார்? சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பாதுகாவலியே உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே மலைமேல் இருக்கும் கிசாலோ மாதாவை 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அப்படி அறிவித்தார்.

நாட்டின் சட்டமும் இப்போது இதே பக்கம் நிற்கிறது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் 2025 மே 14 அன்று நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. ஓரம் என்பது யாரோ இரக்கப்பட்டு விட்டுத் தருவதல்ல.

சைக்கிள் என்றதும் புதுக்கோட்டை நினைவுக்கு வர வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். இன்று பள்ளியில் பிள்ளைக்கு அரசே சைக்கிள் தருகிறது. அதை நெடுஞ்சாலையில் ஓட்டிப் போக அனுப்பலாமா என்று தாய் யோசிக்கிறாள் என்றால், சைக்கிள் கொடுத்தும் வழியைக் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, என்ன செய்யலாம்? நம் கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக நலப் பணியாளர்கள் பல பத்தாண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் பிறப்பையும் இறப்பையும் குறித்து வருகிறார்கள். அதே பொறுமையோடு ஒவ்வொரு அன்பியமும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிவரைக்கும் கோவில்வரைக்கும் ஒரு தடவை நடக்கட்டும். கூடவே ஒரு பாட்டியையும் ஒரு பள்ளிப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். எங்கெல்லாம் சாலைக்குள் இறங்க வேண்டியிருந்தது, எந்த விளக்கு எரியவில்லை, எங்கே கால்வாய்க்கு மூடி இல்லை என்று எழுதுங்கள். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். அவரும் நம் ஊர்க்காரர்தான், அவர் அம்மாவும் அந்த வழியில்தான் நடக்கிறார்.

நவம்பர் 1 அன்று உள்ளாட்சிகள் தினக் கிராம சபை. அன்றுதான் புனிதர் அனைவர் பெருவிழாவும். திருப்பலி முடிந்து அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு, அங்கேயே கேட்கலாம். நெடுஞ்சாலையில் வேகத்தடையை ஊராட்சி தானாகப் போட முடியாது. அதனால் பள்ளி அருகே கடக்கும் கோடு, வேகம் குறைக்க எச்சரிக்கைப் பட்டைகள், நடக்க ஓரம் என்று தீர்மானமாக எழுதி, தேசிய நெடுஞ்சாலைத் துறைக்கும் ஆட்சியருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தடவையில் நடக்காது. அடுத்த கிராம சபை ஜனவரி 26-இல் வருகிறது, அதிலும் கேளுங்கள்.

மறுநாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சாலையில் உயிர் இழந்தவர்களின் கல்லறைகளிலும் மெழுகுவர்த்தி ஏற்றி, அவர்களுக்காகவும், வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்காகவும் செபிப்போம். நவம்பர் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்தில் இறந்தவர்களை உலகமே நினைவுகூரும் நாள். அன்று திருப்பலிக்கு நடக்க முடிந்தவர்கள் நடந்து வாருங்கள், மற்றவர்கள் வண்டியைக் கோவில் வளாகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துங்கள். வாசலுக்கு வெளியே இரண்டு பக்க ஓரமும் அன்று காலியாக இருக்கட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.