பறை கேட்க ஒரு பயணம்

மதுரைக் கல்லூரிகளில் ஒருநாள் பண்பாட்டுப் பயணம் என்றால் பேருந்து பெரும்பாலும் திருமலை நாயக்கர் மகாலுக்கோ, கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ, 2023-இல் கீழடியில் திறந்த அருங்காட்சியகத்துக்கோ போகும். மூன்றும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அந்தப் பேருந்து ஒருமுறையாவது அலங்காநல்லூர்ப் பக்கம் திரும்பி, பறை பயிலும் களத்தில் ஒரு பகல் முழுக்க நிற்க வேண்டும் என்பது என் வாதம். அலங்காநல்லூர் என்றதும் ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். 2025-இல் பத்மஸ்ரீ பெற்ற பறையிசைக் கலைஞர் வேலு ஆசானின் ஊரும் அதுதான்.

பறையை வெறும் இரைச்சல் என்பவர்கள் அதைப் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வட்டச் சட்டம். அதன் ஒருபக்கம் இழுத்து ஒட்டிய தோல். இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இரண்டும் எழுப்பும் நாதம் வேறு வேறு. அடிக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சித் தோலை விறைப்பாக்குவார்கள். எவ்வளவு காய்ச்சினால் போதும் என்பதைக் காதுதான் சொல்லும். சப்பரத்தடி, சாமிச்சாட்டடி, மருளடி என்று அடிகள் பல. அடிப்பவரே ஆடுபவரும் என்பதால் கையின் கணக்கும் காலின் கணக்கும் பிசகாமல் சேர வேண்டும். இந்தக் கலை காகிதத்தில் தங்குவதில்லை, ஆசானின் உடம்பிலிருந்து மாணவரின் உடம்புக்குப் போகிறது. அதனால்தான் நேரில் போகச் சொல்கிறேன். தொல்காப்பியமே ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்திருக்கும்போது, சாவு வீட்டு மேளத்துக்குக் கல்லூரியில் என்ன வேலை என்று கேட்பவர்கள் தங்கள் இலக்கியத்தையே மறந்துவிட்டார்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அது ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்தே வருகிறது. சாவுக்கு அடிப்பதைச் சாதிக் கடமையாகச் சுமத்திய ஊர்களில், இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் பலர். அவமானத்தின் அடையாளத்தை ஏன் மறுபடி தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் அவர்கள் எறிந்தது கட்டாயத்தை. இழிவாக எண்ணப்பட்ட கலை மீண்ட கதை வேறிடத்திலும் உண்டு. பிரேசிலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கபொய்ரா ஆட்டத்தை 1890-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் குற்றமாக்கியது. 2014-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் மரபாகப் பட்டியலிட்டது. கட்டாயம் இங்கே, தடை அங்கே. கலையைக் காத்தவர்கள் இரண்டு இடத்திலும் இழிவு சுமத்தப்பட்ட மக்களே. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததும் இந்தத் தெளிவோடுதான். கருவியைத் தொடுவதா வேண்டாமா என்பதை அந்த மக்களே முடிவு செய்யட்டும். அதன் இசையை மதிக்கக் கற்பது மற்றவர்களின் கடன்.

ஒரே நாளில் என்ன கற்க முடியும் என்பார்கள். பறை கற்க முடியாதுதான். குச்சியைப் பிடித்து ஓர் அடியையாவது முயன்று, கை ஓய்ந்து போகும்போது, இதற்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பு இருக்கிறதென்று மாணவருக்கு விளங்கும். அந்தப் பாடத்துக்கு ஒரு பகல் போதும். கல்லூரிகள் செய்ய வேண்டியது இரண்டு. விழாவுக்கு அழைக்கும் கர்நாடக இசை வித்வானுக்குத் தருவதில் ஒரு ரூபாயும் குறையாமல் பறை ஆசானுக்கும் மதிப்பூதியம் தர வேண்டும். பயண அறிக்கையில் ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று மொத்தமாக எழுதாமல், அடித்தவர் ஒவ்வொருவரின் பெயரையும் எழுத வேண்டும்.