பெயரும் வினையும்



நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், குழந்தைகளின் மனத்திட்பம் குறித்து இலக்கணவழிச் சில சொற்கள்.

"கணக்கில் தோற்றேன்" என்பது வினை. அது காலம் காட்டும். அதன்பின் "வெல்வேன்" என்பதும் வரலாம். "நான் மக்கு" என்பது பெயர், அதற்குக் காலமில்லை. தோல்வி பெயராக ஒட்டிக்கொண்டால் குழந்தை எழுவது அரிது. அமெரிக்க உளவியலறிஞர் மார்ட்டின் செலிக்மன் 1995இல் வெளியிட்ட நூலில், துன்பம் என்றும் நீங்காது, எல்லாவற்றையும் கெடுக்கும், முற்றும் தன் குறையே என்று எண்ணும் குழந்தை மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகும் என்றார். அவ்வெண்ணம் மெய்தானா என்று வினவக் குழந்தையைப் பழக்கலாம் என்றும் காட்டினார்.

மழை பொய்த்த ஆண்டிலும் நம் கரிசலை எவரும் மலடென்று கைவிடுவதில்லை. அடுத்த புரட்டாசியில் மீண்டும் விதைக்கிறோம். பிள்ளைக்கோ மதிப்பெண் வந்த அன்றே பெயர் சூட்டிவிடுகிறோம். பள்ளிப்படிப்பை முடிக்காத இடைசெவல் கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். 'படிக்காதவர்' என்னும் பெயர் அவரைக் கட்டவில்லை.

எனினும் சொல் மட்டும் மருந்தாகாது. உணவும் உறக்கமும் கெட்டு, விளையாட்டையும் வெறுத்து, இரு வாரம் வாடும் குழந்தையை மருத்துவரிடம் காட்டவேண்டும். 2022இல் தொடங்கப்பெற்ற 14416 என்னும் தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

சொல்லை நிறுத்துப் பார்க்கும் கவிஞர்களே, அந்தத் தராசை வீட்டிலும் எடுங்கள். தேறாத பிள்ளையிடம், "துணைத்தேர்வுக்கு எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம்?" என்று கேளுங்கள்.