துக்கத்திலும் சம உரிமை வேண்டும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பள்ளியைப் பற்றியும் பட்டங்களைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ, பள்ளியின் படியேறாத, ஏறினாலும் பாதியில் இறக்கிவிடப்பட்ட பிள்ளைகளைப் பற்றியதாகும். அறிவுவளர்ச்சி குன்றியவர்கள் என்று நாம் குறிப்பிடும் அவர்கள் இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களைப் பெற்றவர் இறந்துபோகும் நாளில் என்ன நடக்கிறது?

தந்தையின் உடல் வாசலில் கிடத்தப்பட்டிருக்கும். மரணகானா பாடுவோர் வந்திருப்பர். பெண்கள் ஒப்பாரி வைப்பர். அவ்வேளையில் அந்தப் பிள்ளையை, அவனுக்கு வயது முப்பதே ஆகியிருந்தாலும், யாரேனும் கையைப் பிடித்து அடுத்த தெருவுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்கள். "அவனுக்கு ஒன்றும் தெரியாது, பார்த்தால் பயந்துகொள்வான்" என்பார்கள். அவன் திரும்பி வரும்போது வீடு வெறுமையாயிருக்கும். "அப்பா எங்கே?" என்று கேட்டால் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று விடை வரும். ஊருக்குப் போனவர் திரும்பி வரவேண்டும் அல்லவா? துறைமுகத்தில் ஷிப்டு முடிந்து தந்தை வரும் நேரத்திற்கு அவன் நாள்தோறும் வாசலில் நிற்கத் தொடங்குகிறான். சில மாதங்களில் சோறு உண்ண மறுக்கிறான், படுக்கையை நனைக்கிறான், கண்ணில் பட்டவரை அடிக்கிறான். "முரடாகிவிட்டான்" என்று கதவைப் பூட்டுகிறோம். அது துக்கம் என்று எவரும் எண்ணுவதில்லை.

இது நம் பகுதிக்கு மட்டும் உரிய குறையன்று. இங்கிலாந்தில் மாரீன் ஆஸ்வின் என்னும் அம்மையார் இத்தகையோரின் துயரத்தை ஆராய்ந்து 1991 ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். "நான் அழலாமா?" என்ற பொருளுடையது அந்நூலின் தலைப்பு. அழுவதற்கும் அனுமதி கேட்கவேண்டிய நிலையில் அவர்கள் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது. 1997 இல் ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடன் பணியாற்றியவரும், பெற்றோரை இழந்த ஐம்பது பேரை, இழக்காத ஐம்பது பேருடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். இழந்தவர்களிடம் மனநோய்க் குறிகளும் நடத்தை மாற்றங்களும் மிகுந்திருந்தன. ஆனால் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களோ, அதற்குக் காரணம் இழப்பு என்று உணரவில்லை. எனவே "தெரியாது" என்பது அவர்களுடைய குறையன்று, நம்முடைய அறியாமையே ஆகும்.

தோழர்களே! மற்றவர் எவர் இதைச் செய்தாலும் நாம் செய்யலாகாது. அறிவில்லாதவர்கள், உணர்ச்சியில்லாதவர்கள் என்று பட்டம் சூட்டி, நம்மை ஊருக்கு வெளியே நிறுத்திய வரலாறு நமக்கு உண்டு. ஊராரின் இழவுக்கெல்லாம் பறையடிக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தப்பட்ட சமுதாயம் நாம். பிறர் துக்கத்தைச் சுமந்த நமக்கு நம் துக்கத்தைச் சொல்ல இடம் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நாமே நம் வீட்டிலேயே ஒருவனைத் துக்கத்திற்குத் தகுதியற்றவன் என்று ஒதுக்கினால், நம்மை ஒதுக்கியவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அண்ணல் அம்பேத்கர் இளம் வயதிலேயே தாயை இழந்தவர். பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். 1935 மே 27 அன்று துணைவியார் இரமாபாயையும் இழந்தவர். துக்கம் எத்தகைய பேரறிஞரையும் உலுக்கும். அறிவின் அளவைக் கொண்டு அன்பின் அளவைக் கணக்கிட முடியாது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, உண்மையைச் சொல்லுதல். "தூங்குகிறார்", "சாமியிடம் போய்விட்டார்" என்ற சொற்களை அவர்கள் அப்படியே நம்பிவிடுவர். பிறகு உறங்கவே அஞ்சுவோரும் உண்டு. "அப்பா இறந்துவிட்டார். இனி மூச்சு விடமாட்டார், பேசமாட்டார், திரும்பி வரமாட்டார்" என்று எளிய சொற்களில், அவர்கள் மிகவும் நம்பும் ஒருவர் அருகில் அமர்ந்து சொல்லவேண்டும. பத்து முறை கேட்டால் பத்து முறையும் அதே சொற்களில், சலிப்பின்றி விடை தரவேண்டும். பேச்சு விளங்காதவர்களுக்குப் படங்கள் துணைபுரியும். தந்தை இறந்ததையும் தாய் இறந்ததையும் எழுத்தே இல்லாமல் படங்களால் சொல்லும் புத்தகங்களை ஹாலின்ஸ் 1989 இலேயே வெளியிட்டார். நம் வீட்டுப் புகைப்படங்களைக் கொண்டே அத்தகைய ஏட்டை நாமும் செய்யலாம். படம் வரையத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடையே இல்லையா?

இரண்டாவது, சடங்கில் இடம் கொடுத்தல். விரும்பினால் உடலைப் பார்க்கட்டும், கையைத் தொடட்டும். அது குளிர்ந்திருப்பதை அவன் கை உணரும்போது, சொற்களால் விளக்க முடியாத உண்மை அவனுக்கு விளங்கிவிடும். அவன் வாய்க்கரிசி இடட்டும், மாலை போடட்டும். மூத்த மகனாயின் கொள்ளிக்குடம் அவன் தோளில் ஏறட்டும், தம்பி கைகொடுத்து உடன் நடக்கட்டும். கானா பாடுவோர் பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்கும்போது அவன் பெயரையும் விடாமல் சேர்க்கட்டும். கிறித்தவக் குடும்பங்களில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அவனையும் அழைத்துச் சென்று மெழுகுவத்தி ஏற்றச் செய்யலாம். வர விரும்பாதவனை வற்புறுத்த வேண்டா. இழவு வீட்டில் அவன் சிரித்தால் அதட்டவும் வேண்டா. அதுவும் கலக்கத்தின் ஒரு முகமே.

மூன்றாவது, மற்றவற்றை மாற்றாதிருத்தல். தாய் மறைந்த வாரத்திலேயே அவனை உறவினர் வீட்டிற்கோ விடுதிக்கோ அனுப்பினால், தாயோடு வீடு, தெரு, தேநீர்க்கடை, பழகிய முகங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழக்கிறான். இயன்ற மட்டும் அதே இடத்தில், அதே நேர ஒழுங்கில் இருக்கச் செய்யவேண்டும். தாயின் சேலையோ தந்தையின் சட்டையோ ஒன்று அவனிடமே இருக்கட்டும். பதினாறாம் நாளோடு துக்கம் முடிந்துவிடுவதில்லை. பலருக்கு அது ஓராண்டு கழித்தும் வெளிப்படும்.

விடைபெறும் வாய்ப்பே இல்லாத சாவுகளையும் நம் பகுதி கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நம் கரையைத் தாக்கியது. 2020 மே மாதத்தில் கொரோனா தொற்று சென்னை மண்டலங்களில் இராயபுரம் மண்டலத்திலேயே மிகுதியாயிருந்தது. அப்போது மருத்துவமனைக்குச் சென்றவரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் அடக்கம் நடந்தது. அத்தகைய வீடுகளில் காலம் கடந்தாலும், படம் வைத்து, விளக்கேற்றி, பெயர் சொல்லி ஒரு நாளை அமைத்துக்கொடுப்பது நம் கடமை.

நான்காவது, பெற்றோர் உயிரோடிருக்கும்போதே ஏற்பாடு செய்தல். "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்ற கேள்வியோடு எத்தனை தாய்மார்கள் கண் மூடாமல் படுத்திருக்கிறார்கள்! 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது கடந்தவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்ட அளவிலான குழு நியமிக்கலாம். ஆட்சித்தலைவர் அதில் இடம்பெறுகிறார். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் தரவேண்டும். கவனியாது விட்டவரை நீக்கவும் வழியுண்டு. தொழிற்சாலையில் உழைப்போர் கவனிக்க: 1995 ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத் திட்டத்தில், நிரந்தரமாக முற்றிலும் இயலாத மகனுக்கோ மகளுக்கோ வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு. அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்திலும் இத்தகைய பிள்ளைகளுக்கு வாழ்நாள் உரிமை இருக்கிறது. ஆனால் ஊனச் சான்றிதழும் அலுவலகப் பதிவேட்டில் பெயரும் இல்லாவிடில் உரிமை ஏட்டோடு நின்றுவிடும். தந்தை பணியில் இருக்கும்போதே இவற்றை முடிக்கவேண்டும்.

இளைஞர்களே! மனு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். உங்கள் தெருவில் இத்தகைய பிள்ளை இருக்கும் வீட்டிற்குச் செல்லுங்கள். சான்றிதழ் உண்டா, பாதுகாவலராக யாரை எண்ணியிருக்கிறார்கள் என்று கேட்டு, உடன் அலுவலகம் சென்று வாருங்கள். அவ்வீட்டில் சாவு நேர்ந்தால், பந்தல் போடுவதோடு நில்லாமல், ஒருவர் அந்தப் பிள்ளையின் அருகிலேயே அமருங்கள். அவன் கேட்பதற்கு உண்மையான விடை சொல்லுங்கள். அவன் அழுதால் அழவிடுங்கள்.

கற்றவன் கல்லாதவனுக்குக் கைகொடுக்க வேண்டும் என்றே இச்சங்கம் தோன்றியது. எழுத்தைக் கற்க இயலாதவனும் அந்தக் கைக்கு உரியவனே என்று கூறி விடைபெறுகிறோம்.