தண்ணிக்குள்ள இறங்குற காலுக்கு எந்த ஷூ?

உங்ககிட்ட இருந்து வந்த கேள்விகள்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கிறேன். "தேக்கடியில மூங்கில் படகு புக் பண்ணியிருக்கோம், அடுத்த மாசம் நாகலாபுரம் ட்ரெக். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஷூ வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா கடையில போய் 'வாட்டர் ஷூ'ன்னு கேட்டா, எடுத்து நீட்டுற சாமான் பெரும்பாலும் அது இல்ல. இழுத்தா நீளுற துணி, அடியில மெல்லிசா ஒரு ரப்பர், பார்க்க சாக்ஸ் மாதிரியே இருக்கும். நீச்சல் குளத்துக்கும் மணல் கடற்கரைக்கும் அது ரொம்ப நல்லது. அதை மாட்டிக்கிட்டு கல்லுப் பாதையில ரெண்டு கிலோமீட்டர் நடந்தீங்கன்னா ஒவ்வொரு கல்லும் பாதத்துல தனித்தனியா பேசும்.

சரி, அப்போ தண்ணி புகாத ட்ரெக்கிங் பூட்ஸ் வாங்கிடலாம்னு தோணும். அதுவும் வேணாம். ஈரப்புல்லு, சாரல் மழைக்கு அது சரி. முழங்கால் அளவு ஓடையில இறங்கினா தண்ணி மேல் வாய் வழியா உள்ள வந்துடும். வெளியில இருந்து தண்ணியை விடாத அந்த லேயர், உள்ள வந்த தண்ணியையும் வெளிய விடாது. ஒவ்வொரு கால்லயும் ஒரு சொம்பு தண்ணியோட மலை ஏறணும். அதனால கேக்க வேண்டிய கேள்வி, தண்ணி உள்ள வருமாங்கறது இல்ல. வந்த தண்ணி எவ்வளவு சீக்கிரம் வெளிய போகும்? மேல்பகுதி வலைத்துணியா இருக்கணும், பக்கவாட்டுல ஓட்டை இருந்தா இன்னும் நல்லது, உள்ள தடிமனான ஸ்பாஞ்ச் இருக்கக் கூடாது.

இதுக்குப் பின்னால ஒரு சின்ன வரலாறு இருக்கு. 1984-ல அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன்ல ஆற்றுப் படகு வழிகாட்டியா இருந்த மார்க் தாட்சர், சாதாரண செருப்பு தண்ணியில அடிச்சுக்கிட்டு போகாம இருக்க, அதுல ஒரு வெல்க்ரோ பட்டையைச் சேர்த்தார். டெவா செருப்பு அப்படித்தான் பிறந்தது. 2003-ல கீன் நிறுவனம் விரல்களுக்கு முன்னாடி ரப்பர் கவசம் வச்ச சாண்டல் கொண்டு வந்துச்சு. ஷூ கால்ல இருந்து கழலக் கூடாது, விரல் கல்லுல இடிபடக் கூடாது. நீங்க கடையில பார்க்க வேண்டியதும் முதல்ல இந்த ரெண்டுதான்.

இப்ப தேக்கடிக்கு வருவோம். பெரியாறு புலிகள் காப்பகத்தோட அந்தப் பயணத்துல படகு மட்டும் இல்ல, காட்டுக்குள்ள நல்ல நடையும் இருக்கு. மழைக்காலம்னா அட்டைக் கடியும் உண்டு. அட்டைக்காக முழங்கால் வரைக்கும் ஒரு துணி உறை மாட்டிக்கணும், லீச் சாக்ஸ்ன்னு சொல்வாங்க. அதுல விரலுக்கு இடைவெளி கிடையாது. கட்டைவிரல் வார் வச்ச செருப்போட வந்தவங்க அங்கேயே மாட்டிக்குவாங்க. முன்பக்கம் மூடின, வலைத்துணி ஷூதான் அங்க சரி. உறை உள்ள போற அளவுக்கு கொஞ்சம் இடம் இருக்கணும்.

நாகலாபுரம் வேற மாதிரி. பாறை, குளம், மறுபடி பாறை. (அனுமதி இருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.) அங்க அடிப்பகுதி ரப்பர்தான் முக்கியம். நகத்தால அழுத்திப் பாருங்க. கொஞ்சம் அமுங்குற மென்மையான ரப்பர் ஈரப்பாறையில நல்லா பிடிக்கும். டிராக்டர் டயர் மாதிரி ஆழமான பல் இருக்கிறது சேத்துக்கு உதவும், வழுக்குப் பாறையில தரையைத் தொடுற பரப்பு குறைஞ்சு போகும். பச்சைப் பாசி மேல மட்டும் எந்த ரப்பரையும் நம்பாதீங்க, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி.

கயாக்ல போறவங்களுக்கு ஒரு விஷயம். உள்ள காலை நீட்டி உட்கார்ற வகையில இடம் ரொம்பக் குறைவு. தடிச்ச பூட்ஸ் மாட்டிக்கும், தொங்குற லேஸ் கால் மிதியில சிக்கும். கவிழ்ந்தா ஒரு நொடியில வெளிய வரணும். அதனால லேஸைக் கட்டி நுனியை உள்ள செருகிடுங்க. லைஃப் ஜாக்கெட் கண்டிப்பா போட்டுக்கோங்க.

இன்னொண்ணு, இதை ஷூவால காப்பாத்த முடியாது. வேகமா ஓடுற தண்ணியில விழுந்தா எழுந்து நிக்கப் பார்க்காதீங்க. பாதம் ரெண்டு கல்லுக்கு நடுவுல சிக்கிக்கிட்டா, பின்னாடி வர்ற தண்ணி உங்களை முகம் குப்புற அழுத்திடும். இடுப்பளவு தண்ணியிலயே இது நடக்கும். மல்லாந்து, காலைத் தூக்கி, பாதம் ஓட்டத்தோட திசையில இருக்கிற மாதிரி மிதந்து, ஆழமில்லாத இடத்துக்கு வந்த பிறகு எழுந்திருங்க.

விரல்ல சின்னக் கீறல் தானேன்னும் விட்டுடாதீங்க. எலிக்காய்ச்சல் கிருமி, எலி மாதிரி விலங்குகளோட சிறுநீர் கலந்த தண்ணியில இருந்து கீறல் வழியா உடம்புக்குள்ள போகும். ட்ரிப் முடிஞ்சு சில நாள்லயோ ரெண்டு மூணு வாரத்துலயோ காய்ச்சல் வந்தா, தண்ணியில இறங்கினதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அவங்களா கேப்பாங்கன்னு இருக்காதீங்க.

அளவு பார்க்க சாயங்காலம் போங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீங்க போடப் போற சாக்ஸையே எடுத்துட்டுப் போங்க. பருத்தி சாக்ஸ் வேணாம், ஈரத்தைப் பிடிச்சு வச்சு கொப்புளம் கொண்டு வரும்.

வருஷத்துக்கு ஒரு தடவைதான் போவீங்கன்னா புதுசு எதுக்கு? பழைய ரன்னிங் ஷூ, வலைத்துணி, அடிப்பகுதி தேயாதது, அதுவே போதும். ஆனா பரண்ல மூணு வருஷம் கிடந்த ஷூன்னா, கிளம்புற முந்தின வாரமே எடுத்து நல்லா வளைச்சுப் பாருங்க, போட்டுக்கிட்டு தெருவுல ஒரு ரவுண்டு நடங்க. சும்மா கிடந்தாலே பசை விட்டுப் போகும், சில சோல் உதிர ஆரம்பிக்கும். அது வீட்டு வாசல்ல கழண்டு வந்தா பரவாயில்ல.

அடுத்த வாரம் ட்ரை பேக் பத்திப் பேசலாம். ஃபோனை அரிசிக்குள்ள போட்டு வச்சவங்க எல்லாம் அவசியம் வந்துடுங்க.