பள்ளியின் அன்றாடமும் பிள்ளைகளின் நலமும்

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் இந்தப் பலமனேரில், மாணவர் நலனையும் பள்ளிச் சூழலையும் பற்றிப் பேச ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பெற்றோர்களும் ஒன்றாகக் கூடியிருக்கிறோம். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை எனக்கு அளித்தமைக்கு நன்றி. பொதுவாக வாழ்த்திவிட்டு அமரும் தலைமை உரையை இன்று ஒரு வாதத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். பிள்ளைகளின் மனநலத்துக்காக நாம் புதிதாகச் சேர்க்கும் வகுப்பு, வாரவிழா, சுவரொட்டி எதைக் காட்டிலும், பள்ளி ஏற்கெனவே நாள்தோறும் செய்துவரும் காரியங்கள்தாம் அவர்களின் நலத்தைத் தீர்மானிக்கின்றன. யாரை யார் பக்கத்தில் உட்காரவைக்கிறோம், மதிப்பெண்ணை எப்படி அறிவிக்கிறோம், பிள்ளை பேச வந்தால் கேட்க ஆள் இருக்கிறதா, வீட்டு மொழியில் ஒரு சொல் வாயில் வந்துவிட்டால் வகுப்பு சிரிக்கிறதா என்பவைதாம் அந்தக் காரியங்கள். இவற்றைத் தொடாத எந்தத் திட்டமும் மேற்பூச்சாகவே நின்றுவிடும்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும் என்பதற்கு நம் ஆந்திரத்திலேயே காரணம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி ஒருவர் 2023 ஜூலையில் இறந்தார். மகளின் மரணத்துக்கு நியாயம் கேட்டுத் தந்தை தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு அளித்த தீர்ப்பு அந்த ஒரு வழக்கோடு நிற்காமல், நாட்டிலுள்ள எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் 15 நெறிமுறைகளை வகுத்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆம் ஆண்டுக் கணக்கையும் அது எடுத்துக்காட்டியது. அந்த ஓராண்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தேர்வில் தோல்வி என்று காரணம் குறிக்கப்பட்ட இறப்புகள் 2,248. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வது எப்போதும் தவறு என்று மனநல மருத்துவர்கள் எச்சரிப்பார்கள், அது சரியே. ஆனாலும் காவல் நிலையப் பதிவேட்டில் காரணமாகத் தேர்வு இத்தனை முறை எழுதப்படும் ஒரு நாட்டில், பள்ளிக்கு இதில் பங்கில்லை என்று நாம் விலகிக்கொள்ள முடியாது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருந்தால் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும் என்பது அத்தீர்ப்பின் நெறிகளில் ஒன்று. மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனி அணிகளாகப் பிரிப்பதையும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் நெறி நாளேடுகளில் பெரிதாக வந்தது. இரண்டாவதைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. என் கணிப்பில் இரண்டாவதே கடினமானது, இரண்டாவதே பலன் தருவது.

சான்றுகளுக்கு வருகிறேன். மனநலத்தைத் தனிப் பாடவேளையாகக் கற்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையை பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், ஆசிரியர்களே பயிற்சி பெற்று மனக்குவிப்பு வகுப்பு நடத்தினார்கள். 2022 இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது: வழக்கமான பள்ளிகளில் படித்தவர்களைவிட இந்தப் பிள்ளைகளின் மனநலம் மேம்படவில்லை. இதற்கு மாறான முடிவு நம் நாட்டிலிருந்து, அதுவும் பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தது. கோவாவைச் சேர்ந்த சங்கத் அமைப்பும் விக்ரம் பட்டேல் உள்ளிட்ட ஆய்வாளர்களும் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய சேஹர் ஆய்வு 2018 இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அவர்கள் மாற்ற முயன்றது பள்ளியின் சூழலையே. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பொருளை எடுத்துப் பேசினார்கள். சுவரிதழ் போட்டார்கள். பிள்ளைகள் பெயர் எழுதாமல் சீட்டுப் போட ஒரு பெட்டி வைத்தார்கள். அதில் விழுந்த குறைகளுக்குக் கூட்டத்தில் பதில் சொன்னார்கள். சண்டை, சீண்டல், அடிதடி பற்றிய விதிகளைத் தெளிவாக்கினார்கள். தேவைப்பட்ட பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் தம் பள்ளியைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பீடு எட்டு மாதங்களில் பெரிதும் உயர்ந்தது. மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தபோது விளைவு இன்னும் கூடியது.

இந்த ஆய்வில் நம்மை உலுக்க வேண்டிய பகுதி வேறு. அதே பணிகளைச் சில பள்ளிகளில் அதற்கென நியமித்த ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் மனநல நிபுணர் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரி. வேறு சில பள்ளிகளில் அங்கேயே பணியாற்றும் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். முன்னவர் கையில் பலன் தெரிந்தது. ஆசிரியர் கையில் ஒன்றும் தெரியவில்லை. ஆசிரியருக்கு அன்பில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது அநியாயம். பாடம் முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், மதிய உணவுக் கணக்கு எழுத வேண்டும், செயலியில் வருகை ஏற்ற வேண்டும், தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் போக வேண்டும். இவ்வளவையும் சுமப்பவரிடம் இன்னொரு பொறுப்பையும் ஆணையாக அனுப்பினால் அது பதிவேட்டில்தான் நடக்கும். போதாததற்கு, காலையில் பிரம்பை எடுத்தவரிடமே மாலையில் மனம் திறந்து பேசப் பிள்ளைக்குத் துணிவு வராது. ஆகவே, ‘ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்லும் நிர்வாகத்துக்கு நாளந்தா தரும் பதில் தெளிவானது: நேரம் உள்ள ஆள் ஒருவர் வேண்டும். ‘பணமில்லை’ என்பாருக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. உளவியல் முதுகலை முடித்தவர் ஒவ்வொரு மண்டலத்திலும் கிடைக்க மாட்டார். பயிற்சி கொடுத்தால் இந்த வேலையைச் செய்யக்கூடிய பட்டதாரி ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். அவரால் முடியாத நிலையில் மருத்துவரிடம் அனுப்பும் வழியும், 2022 முதல் இயங்கும் டெலி மனாஸ் 14416 உதவி எண்ணும் இருக்கின்றன. தகுதியைத் தளர்த்தச் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நீதிமன்றம் கேட்கும் தகுதியாளர் வரும்வரை கதவைப் பூட்டிவைக்க வேண்டாம் என்கிறேன்.

ஆனால் ஆள் வந்த பிறகும் பள்ளியின் அமைப்பு பிள்ளைகளைக் காயப்படுத்திக்கொண்டே இருந்தால் அவர் கட்டுப்போடுபவராக மட்டுமே இருக்க முடியும். இங்கேதான் மதிப்பெண்படி பிரிக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் பகுதியில் ஒன்பதாம் வகுப்பிலேயே ‘ஸ்டார் பேட்ச்’ பிரித்துவிடுகிறார்கள். நல்ல ஆசிரியர் அங்கே போகிறார். மிஞ்சியவர்களுக்கு மிஞ்சியவர் வருகிறார். எந்தச் செக்‌ஷன் எதற்கு என்று ஊருக்கே தெரியும். இன்டர்மீடியட் தேர்வு முடிவு வந்தால் சித்தூர் சாலை முழுக்க முகங்கள் அச்சிட்ட தட்டிகள் எழுகின்றன. அதில் இல்லாத முகங்களையும் ஊர் எண்ணிப் பார்க்கிறது. இதற்கு மாற்று உண்டா என்று கேட்பவர்கள் தொலைதூரம் போக வேண்டாம். புங்கனூர் தாண்டினால் மதனப்பள்ளி. அதன் அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி. அங்கே வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியை நான் சொல்லவில்லை. அதைக் காட்டினால் ‘அது பணக்காரப் பள்ளி’ என்று விவாதம் முடிந்துவிடும். அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் 1980-களின் பிற்பகுதி முதல் உருவாக்கிய ஓராசிரியர் பள்ளிகளைச் சொல்கிறேன். ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள். எல்லாரையும் ஒரே பக்கத்தில் நிறுத்துவதற்குப் பதில் பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து ஓர் ஏணியாக அடுக்கினார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு படக்குறி. பிள்ளை ஏணியில் தன் படி எதுவென்று தானே பார்த்து, அட்டையைத் தானே எடுத்து, உரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் துணை முழுதாகத் தேவைப்படும் குழு ஒன்று, ஓரளவு தேவைப்படும் குழு ஒன்று, தோழர் துணையோடு படிக்கும் குழு ஒன்று, தானே படிக்கும் குழு ஒன்று. பத்து நாள் அறுவடைக்கோ திருவிழாவுக்கோ போய்விட்டு வரும் பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடரும். எவரும் பின்தங்கியவர் என்று பெயர் வாங்குவதில்லை. முன்னதாகவே ஏறிவிட்ட பிள்ளை அடுத்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது. பிள்ளைகளே கடை போட்டு எடையும் அளவையும் விலையும் கணக்கிடும் மெட்ரிக் மேளாவில், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் தம் பிள்ளையின் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

இந்த முறையைக் கண்டுதான் சென்னை மாநகராட்சி 2003 இல் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது, எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். 2007 இல் அது தமிழகம் முழுதுக்கும் போனது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு அமர்ந்தார். சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கி வந்தது. ஆளுக்கு ஒரு கட்டம், அதில் அவரவர் பெயர். அந்தத் திட்டத்தில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்து போயின, புதியவை உரிய காலத்தில் வரவில்லை. கூட்டம் மிகுந்த வகுப்புகளில் ஆசிரியர் திணறினார். மேலிருந்து ஆணையாக வந்ததால் சில இடங்களில் சடங்காயிற்று. பின்னால் வந்த அரசுகள் அதைப் பலமுறை மாற்றின. இருந்தாலும் அது ஒன்றை மெய்ப்பித்தது: பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்தாமல் கற்பிப்பது வசதியானவர்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் அல்ல; கூரை ஒழுகும் பஞ்சாயத்துப் பள்ளியிலும் அதைச் செய்யலாம்.

இங்கே மிக வலுவான மறுப்பு ஒன்று எழும். அதை நான் மதிக்கிறேன். ‘ஏழைப் பிள்ளைக்கு மதிப்பெண்ணை விட்டால் வேறென்ன இருக்கிறது? தக்காளி மண்டியில் மூட்டை தூக்கும் அப்பா, பிள்ளையை எஞ்சினியர் ஆக்க நினைப்பதில் என்ன தவறு? போட்டியை எடுத்துவிட்டால் அவன் முன்னேறும் ஒரே வழியையும் எடுத்துவிடுகிறீர்கள்.’ நான் தேர்வை நீக்கச் சொல்லவில்லை. வாரத் தேர்வு வைக்கலாம், மதிப்பெண் போடலாம், பெற்றோரிடம் காட்டலாம். அந்த மதிப்பெண்ணை வைத்து நாற்காலியையும் ஆசிரியரையும் மரியாதையையும் பங்கு போடாதீர்கள் என்றே கேட்கிறேன். உண்மையில், பிரிப்பதால் முதலில் இழப்பது அந்தத் தொழிலாளியின் பிள்ளைதான். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமல் பின் செக்‌ஷனுக்குத் தள்ளப்படுவது பெரும்பாலும் அவன்தான். ‘அந்தக் காலத்தில் அடி வாங்கித்தான் ஆளானோம்’ என்ற இன்னொரு மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆளானவர்கள் பேசுகிறார்கள், அடிக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் இந்த அவையில் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் ஒருசேரத் தடை செய்துவிட்டது. அந்த விவாதம் முடிந்தது.

பள்ளிக்கு வெளியிலிருந்து உள்ளே வரும் நஞ்சையும் சொல்லாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் தமிழகத்தின் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை கையில் கட்டும் சாதிக் கயிற்றிலிருந்து பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர் வரை பேசுகிறது. பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்காரவைக்கச் சொல்கிறது. எவ்வளவு எளிய பரிந்துரை! யார் பக்கத்தில் யார் என்பதைப் பள்ளி தீர்மானிக்காவிட்டால் ஊர் தீர்மானித்துவிடும் என்பதை அது புரிந்துவைத்திருக்கிறது. நம் எல்லைப் பகுதிக்கு இதோடு மொழியும் சேர்கிறது. வீட்டில் தமிழோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டுத் தெலுங்குவழியிலோ ஆங்கிலவழியிலோ சேரும் பிள்ளை முதல் ஆண்டில் வாய் திறப்பதே இல்லை. மந்தம் என்று பெயர் வாங்கிவிடுகிறது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவு 1956 முதல் சொல்கிறது. தமிழ்வழிப் பிரிவு திறக்க எண்ணிக்கை போதாத ஊரிலும், அந்தப் பிள்ளை கேட்டதற்கு அதன் மொழியில் பதில் சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை.

இந்த இரண்டு நாளில் கட்டுரை வாசிக்க இருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: எந்தப் பள்ளியில், யார், எவ்வளவு நேரம் செலவிட்டு, என்ன மாற்றம் கண்டார்கள் என்று சொல்லுங்கள். பலனில்லாமல் போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; நாளந்தா ஆய்வாளர்கள் அதைச் சொன்னதால்தான் நமக்கு வழி தெரிந்தது. தாளாளர்களிடமும் தலைமை ஆசிரியர்களிடமும் கேட்பது ஒன்றே. வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது மதிப்பெண்படி பிரித்த செக்‌ஷன்களைக் கலைத்து, வருகைப் பதிவேட்டின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்காரவையுங்கள்; ஓராண்டு பாருங்கள்; அடுத்த கருத்தரங்குக்கு அந்தக் கணக்கோடு வாருங்கள்.