முகப்பூச்சும் முன்னெச்சரிக்கையும்

(சங்க மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழும் இசையும் முழங்கும் இம்மேடையில் களிம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிறிய பொருள்தான், ஆயினும் நம் இல்லந்தோறும் உள்ள பொருள். அதைப் பற்றிய அறியாமையால் நேரும் துன்பமோ சிறிதன்று.

வங்கத்திற்கு வந்து குடியேறிய நம்மவர் எவரும் பச்சைக் குழாயில் வரும் போரோலினை அறியாதிருக்க முடியாது. 1929ஆம் ஆண்டில் இந்நகரத்துக் கௌர்மோகன் தத்தர் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு அது. யானைச் சின்னம் தாங்கியது. ஆட்டு உரோமக் கொழுப்பாகிய லானொலினும், துத்தநாக ஆக்சைடும், போரிக் அமிலமும் அதில் உண்டு. குளிர்காலத்து உதட்டு வெடிப்புக்கும் சிறு கீறலுக்கும் உரிய எளிய களிம்பு. ஆயினும் போரிக் அமிலம் கலந்த எதனையும் பச்சிளங்குழந்தையின் புண்பட்ட தோலில் பரக்கப் பூசலாகாது. இத்தகைய எளிய களிம்புகளோடு பழகிய நாம், குழாயில் வருவன யாவும் இவை போன்றனவே என்று நம்பிவிட்டோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. "கொஞ்சம் நிறம் ஏறினால் நன்றாயிருக்கும்" என்று உறவினர் ஒருவர் சிறு குழாய் ஒன்றின் பெயரைச் சொன்னார். மருந்துக்கடையில் கேட்டதும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சிட்டது. பார்த்தவர் எல்லாரும் புகழ்ந்தனர். மூன்றாம் மாதம் கன்னங்கள் சிவந்தன, பருக்கள் எழுந்தன, மென்மயிர் அரும்பிற்று. ஒருநாள் பூசாவிட்டால் முகம் நெருப்பாய் எரிந்தது. வெயில் என்றோம், இவ்வூர்த் தண்ணீர் என்றோம். குழாயின் மேல் எழுதியிருந்ததைப் படித்த மருத்துவரே உண்மையைக் கூறினார்: அதில் இருந்தது வீரியமிக்க ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு நஞ்சன்று. 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோன் தோல்மேல் பூசத்தக்க மருந்தென நிறுவப்பட்டபோது மருத்துவ உலகம் மகிழ்ந்தது. கரப்பான் முதலிய நோய்களால் வருந்தியோர் எத்தனையோ பேர் அதனால் நலம் பெற்றனர். பின்னர் வந்த பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் ஆகியவை அதனினும் வீரியமானவை. மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த நாள்வரை பூசினால் அவை மருந்து. அழகுக்காக முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும். பின் அம்மருந்தின்றித் தோல் அமைதியுறாது.

இத்தீமையை எதிர்த்து முன்னின்றவருள் இந்நகரத்து மருத்துவர் உளர் என்பது நமக்குப் பெருமை. ஸ்டீராய்டால் கெட்டு அதற்கே அடிமையாகிவிட்ட முகத்தைத் தனி நோய்நிலையாக விளக்கி, 2016இல் கௌசிக் லாகிரியும் அரிஜித் குண்டூவும் எழுதினர். 2011இல் வெளியான ஆய்வொன்றில், நாட்டின் பல நகரங்களில் முகத்தோல் நோயோடு வந்த 2926 பேருள் 433 பேர் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவரல்லாதார் சொற்கேட்டுப் பூசியவர். மருத்துவர்களின் இடைவிடாத முயற்சிக்குப் பின், 2018இல் மைய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென ஆணையிட்டது. ஆணை இருக்கிறது, அதைக் காக்கும் பொறுப்பு வாங்குவோர்க்கும் உண்டு.

மற்றொரு பகை பாதரசம். அது தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாவதைத் தடுத்து வெளுப்புத் தரும். உடலுட் சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021க்கும் 2023க்கும் இடையே, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை மருத்துவர் ஆராய்ந்தனர். அவருள் 15 பேருக்கு அந்நோயின் அரியதொரு வகை காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்! செய்தவர் பெயரும் முகவரியும் இல்லாத களிம்பை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

தாய்மார்களே, நாம் வாய்விட்டுச் சொல்ல நாணும் துன்பங்களும் உள. இவ்வூர் மழைக்காலப் புழுக்கத்தில் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை தோன்றுகிறது. கூச்சத்தால் மருத்துவரிடம் செல்லாமல், ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை வாங்கிப் பூசுகிறோம். அரிப்பு அடங்குகிறது, பூஞ்சையோ மறைவாய்ப் பரவுகிறது. தோலில் அழியாத வரிகளும் விழக்கூடும். மறைவிடத்து அரிப்புக்கும் வெள்ளைப்படுதலுக்கும் காரணம் பல, நீரிழிவும் ஒன்றாகலாம், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியும் ஆகலாம். ஒருத்திக்கு உதவிய களிம்பு மற்றொருத்திக்கு ஆகாது. கருவுற்ற காலத்தில் முகத்தில் படரும் மங்கு பெரும்பாலும் பேற்றுக்குப் பின் தானே குறையும்; அக்காலத்தில் டிரெட்டினாயினும் ஹைட்ரோகுயினோனும் கலந்த களிம்புகளை விலக்குக.

இனிச் சில நடைமுறைகள். குழாயின் எழுத்துகளைப் படியுங்கள். சிவப்புக் கோடு இருப்பின் அது மருத்துவர் சீட்டுக்குரிய மருந்து. விரல் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கிய களிம்பு இரண்டு உள்ளங்கை அளவான இடத்திற்குப் போதும். புதிய அழகுப்பூச்சை முன்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பாருங்கள். ஒருவர் மருந்தை மற்றவர் பூசாதீர்கள். நெடுநாள் ஸ்டீராய்டு பூசியவர் அஞ்சித் திடீரென நிறுத்தாமல் மருத்துவரை நாடி, அவர் சொன்னபடி விடவேண்டும்.

முன்சொன்ன பெண் தேற ஏறத்தாழ ஓராண்டாயிற்று. திருமணம் குறித்த நாளில் நடந்தது. மணமகன் வீட்டார் அவள் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை, சொன்னவர் நாமே. அவளுக்குக் கேடு விளைத்தது குழாய் மட்டுமன்று, நம் நாவுந்தான். கருமை நோயன்று; அதற்கு மருந்தும் வேண்டா. இதை நம் பெண்மக்களுக்கு நாமே முதலில் சொல்வோம்.